மகள் ஏன் கையை ஆட்டுகிறாள்?

"ஆ சொல்லு பாப்பா" என்றார் டாக்டர்.

பாப்பா சொல்லவில்லை. நான் சொன்னேன். அதுவும் வாயை நன்றாகத் திறந்து! டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு இல்லம்மா... பாப்பாவுக்கு" என்றார். பாப்பாவோ அவர் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் காதைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தாள்.

போன வாரம் திருநெல்வேலியில் நடந்தது இது. சங்கரன்கோவிலில் காலை பஸ்ஸைப் பிடித்து, மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஆடு, மாடு, டிராக்டர், காற்றாலை... "அது என்ன சொல்லு? இது என்ன சொல்லு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவரிடமிருந்து!

மித்ராவுக்கு இரண்டரை வயது. இன்னும் பேசவில்லை. 'அம்மா' என்றுகூட இல்லை.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவளின் மகள்! சிரிப்பு வருகிறதா? எனக்கும் ஆரம்பத்தில் வந்தது. அப்பா மாதிரி அமுக்கமான பிள்ளை என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். இரண்டாவது பிறந்த நாள் தாண்டிய பிறகு கிண்டல் நின்றுவிட்டது.

பேசாத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் ஊரில் எல்லோருக்கும் பேச்சு வந்துவிடும்... கவனித்திருக்கிறீர்களா? வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொன்னார் ஒருவர். கோயில் புற்றுமண்ணைப் பூசச் சொன்னார் இன்னொருவர். காய்கறிக் கடையில் ஓர் அம்மாள், "எங்க மச்சினர் மவன் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப மூடச் சொன்னா மூட மாட்டுக்கான். கவலப்படாத தாயி" என்றார். வசம்பும் தடவினேன். புற்றுமண்ணும் பூசினேன். கவலையைத்தான் விட முடியவில்லை.

அதற்கு மேல் ஒரு புதுக் கவலை. கொஞ்ச நாளாக மித்ரா கையை ஒரு மாதிரி ஆட்ட ஆரம்பித்திருந்தாள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவாள். விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்குவாள். அப்புறம் அதே கையால் தன் நெஞ்சில் ஒரு தட்டு. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. முகத்தில் சிரிப்பு இருக்காது. ஏதோ டியூட்டி பார்க்கிற மாதிரி அவ்வளவு சீரியஸாகச் செய்வாள்.

'பேசாத குழந்தை, கையை ஆட்டுகிறது' என்று போனில் தேடினேன். தேடியிருக்கவே கூடாது! ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. அதற்குப் பிறகுதான் இந்த டாக்டர், இந்த பஸ், இந்த 'ஆ' எல்லாம்.

கதவு மூடிய ஒரு சின்ன அறையில் வைத்துக் காது டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட் வந்தது. காது அருமையாகக் கேட்கிறதாம். அப்படியே அழுதுவிட்டேன். நர்ஸ் டிஷ்யூ கொடுத்தார். டாக்டர் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு கேட்டார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் இவளும்தான் சார்."

"அப்ப பாப்பாகிட்ட யார் பேசுவா?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் திருச்சிக்காரி. வாக்கப்பட்டு வந்த ஊர் சங்கரன்கோவில். கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே நாலு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறார். "சொந்த வீடு சும்மா கெடக்கும்போது வாடகை வீடு எதுக்கு? கொஞ்ச நாள் பொறு" என்பார். மாமனாரும் மாமியாரும் மூத்த மகனுக்குக் குழந்தை பிறந்ததும் கோயம்புத்தூர் போனவர்கள்தான். அந்தக் குழந்தை இப்போது ஸ்கூலுக்குப் போகிறது. அவர்கள் இன்னும் திரும்பவில்லை.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆன்லைனில் பொருள் வாங்கிவிட்டுக் கோபப்படுகிறவர்களுக்குச் சமாதானம் சொல்லும் வேலை. வாயால் அல்ல... விரலால்! எல்லாம் சாட்தான். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று டைப் செய்வேன். 'எங்களோடு பேசியதற்கு நன்றி' என்று டைப் செய்வேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை வாயிலிருந்து வெளியே வராது.

வந்தாலும் கேட்காது என்பது வேறு விஷயம். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. எதிர் வீடே தறிக்கூடம்தான். கரண்ட் இருக்கிற வரை தடதடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் தலைவலி வந்தது. பிறகு பழகிவிட்டது. இங்கே யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பதே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். நான் எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டுக்காக இல்லை. சத்தம் வராமல் இருக்க.

மித்ரா? சமர்த்துப் பிள்ளை. தெரு ஜன்னல் திண்டில் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்த் தறிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழ மாட்டாள், அடம் பிடிக்க மாட்டாள். "உனக்கென்னப்பா, பிள்ளை இருக்கிற இடமே தெரியல" என்று தோழிகள் பொறாமைப்படுவார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் கம்மியாத்தான் பேசுவேன் சார்" என்றேன். அவர் திட்டவில்லை. வாராவாரம் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். கையை ஆட்டுவதைப் பற்றி நான் சொன்னதும், "எப்ப செய்யறா, எதுக்கு முன்னாடி செய்யறான்னு கவனிச்சு வைங்க. அடுத்த தடவை சொல்லுங்க" என்றார்.

சரி, கவனிப்போம் என்று மறுநாள் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, ஜன்னலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தேன்.

மித்ரா ஜன்னலில் நின்றாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். கையைத் தூக்கினாள், விரலை மடக்கினாள், நெஞ்சில் தட்டினாள். அதுவும் தெருவைப் பார்த்து. சிறிது நேரம் காத்திருந்தாள். அப்புறம் திரும்பி, என்னைப் பார்த்து அதையே செய்தாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஏதோ உறுத்தியது. ஸ்க்ரீனில் யாரோ ஒருவர் குக்கர் மூடி வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

நேர் எதிரே கோமதி அக்கா. எதிர்த் தறிக்கூடத்தில் அவரும் அவர் வீட்டுக்காரரும் தறி ஓட்டுகிறார்கள். (இந்த ஊரில் கூட்டத்தில் நின்று 'கோமதி' என்று கூப்பிட்டுப் பாருங்கள்... நாலு பேராவது திரும்புவார்கள். எல்லாம் எங்கள் கோயில் அம்மன் பெயர்.) அக்காவின் தறியில் ஏதோ நூல் சிக்கிக்கொண்டது போல. தறியை நிறுத்தினார். கூடத்தின் அந்தக் கோடியில் கணவர் நிற்கிறார். அந்த இரைச்சலில் எப்படிக் கூப்பிடுவார்?

கையைத் தலைக்கு மேல் தூக்கினார். விரல்களை மடக்கி, விரித்து, மடக்கினார். நெஞ்சில் ஒரு தட்டு.

அவர் கணவர் தலையாட்டிவிட்டு, தன் வேலையை அப்படியே விட்டு, நடந்து வந்தார்.

அவ்வளவுதான். அக்கா கூப்பிட்டார். அவர் வந்தார்.

என் மகளுக்கு வியாதி இல்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அப்படி! வாய் திறந்து கூப்பிட்டு யாரும் யாரிடமும் வந்து அவள் பார்த்ததில்லை. கையைத் தூக்கினால் வருவார்கள் என்று பார்த்திருக்கிறாள். அதனால் தூக்கினாள். தெருவைப் பார்த்துத் தூக்கினாள்... யாரும் வரவில்லை. என்னைப் பார்த்துத் தூக்கினாள்... நான் இவளுக்கு என்ன வியாதி என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்பில் குக்கர் மூடிக்காரர் 'ஹலோ? இருக்கீங்களா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மாலையில் சூப்பர்வைசரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. வரட்டும்!

சாயங்காலம் தறி நிறுத்தி டீ குடிக்கிற நேரம் பார்த்து, மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனேன். ஒரு தெருதான். பத்தடி அகலம்கூட இருக்காது. பால் வாங்க, குப்பை போட என்று தாண்டியிருக்கிறேனே தவிர, ஒரு மனுஷியைப் பார்க்கத் தாண்டியதில்லை.

"அக்கா, இவ ஜன்னல்லேர்ந்து கையை ஆட்டுவாளே... பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

"பாக்காம என்ன? நிதம் என்னையக் கூப்பிடுதாளே!" என்று சிரித்தார் கோமதி அக்கா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மித்ராவை வாங்கினார். "நானும் இந்தா வாரேன் இந்தா வாரேன்னு தலைய ஆட்டுவேன். ஓடுத தறிய விட்டுட்டு வர முடியுமா? பச்சப்புள்ள, பாவம், நான் வருவேன்னு பாத்துக்கிட்டே நிக்கும். எனக்கே ஒரு மாதிரி ஆயிரும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!"

"நீ எங்க தாயி வெளிய வாரே? வந்தாலும் காதுல அத மாட்டிக்கிட்டுல்லா வருதே. பெரிய வேல பாக்குத பிள்ள, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தோம்."

நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? வேலை செய்கிறவர்கள், தொந்தரவு பண்ணக் கூடாது என்று. நாகரிகம், நாகரிகம் என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்று, ஒரு தெருவே தனித்தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறோம். இதற்குப் பெயர் பிரைவசியாம். எவன் கண்டுபிடித்தானோ!

மித்ரா இப்போதும் பேசவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கையைத் தூக்கினால் நான் போகிறேன். போய் உட்கார்ந்து, வாய் வலிக்க அவளிடம் பேசுகிறேன். ஹெட்போனை அலமாரியில் வைத்துவிட்டேன். வேலை தாமதமாகிறது, இன்னொரு எச்சரிக்கை வந்திருக்கிறது. என்ன ஆகும் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் வீடியோ காலில் வந்தார். அவருக்குப் பின்னால் கொடியில் யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது. காது ரிசல்ட்டைத்தான் மறுபடி மறுபடி கேட்டார்.

"நான் சொன்னேம்லா? எங்க வம்சமே லேட்டாத்தான் பேசும். நீதான் சும்மா பயந்துட்டே. மத்தபடி அங்கன ஒண்ணும் பிரச்சனை இல்லல்லா?"

ஒவ்வொரு காலிலும் கேட்பார். "ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கோம்" என்று ஒவ்வொரு காலிலும் சொல்வேன். தூரத்தில் இருக்கிற மனிதர், பாவம், அவரை எதற்கு வருத்த வேண்டும்? பண்டிகைக்கு ஊரே கூடுகிறபோதும், காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதும், இந்த நாலு சுவரோடு பேசிவிடலாமா என்று தோன்றியபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

மித்ரா என் மடியிலிருந்து இறங்கி போனுக்கு முன்னால் நின்றாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். விரல்களை மடக்கி, விரித்து, மடக்கினாள். நெஞ்சில் தட்டினாள்.

"ஏட்டி, பாப்பா டாட்டா காட்டுதா பாரு!" என்று குதித்தார் அவர். "டாட்டா கண்ணு! டாட்டா! டாட்டா!"

"டாட்டா இல்லைங்க."

"பின்னே?"

"வாங்கன்னு கூப்பிடறா."

ஆட்டிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. "வருவேம்லா... அடுத்த மாசம் லீவு கேட்டுருக்கேன்..." என்று இழுத்தார். மித்ராவுக்கு அடுத்த மாசம் புரியுமா? மறுபடியும் கையைத் தூக்கினாள்.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நான்... எப்படி வந்ததோ தெரியவில்லை, என் கையும் மேலே போனது. விரல்களை மடக்கி, விரித்து, மடக்கினேன். நெஞ்சில் தட்டினேன்.

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"நீயுமாட்டி?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை மட்டும் இறக்கவில்லை.