கோயிலுக்குப் பின்னால் இருந்த சுவர்

அப்பா என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. "எம்பொண்ணு யுனிவர்சிட்டில இருக்கு. எந்தப் பொருளு எப்ப உடையும்னு முன்னாடியே சொல்லிடும்" என்று ரிங்லெட் டவுன் பசாரில் கீரை விற்கிறவர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர், வேறு எதைச் சொல்லிப் பெருமைப்படுவார்? எனக்கும் புரிகிறது. ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஏனென்றால் அவர் சொல்வது உண்மையில்லை. என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் பார்த்தால் ஒரே சாம்பல் நிறம். அறுத்து உள்ளே பார்த்தால் கல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், நடுவில் காற்றுக் குமிழி என்று எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும். கடலை மிட்டாய் மாதிரி. ஒரே பாகில், ஒரே தட்டில் ஊற்றியதாக இருந்தாலும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு இடத்தில்தான் உடையும். கடலை எங்கே உட்கார்ந்தது, பாகு எங்கே குறைந்தது என்பதைப் பொறுத்தது அது. நான் கம்ப்யூட்டருக்குள் அந்த மாதிரிப் பொய்த் துண்டுகளை ஆயிரக்கணக்கில் செய்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்ட பொருளில் இத்தனை பங்கு இவ்வளவு பாரத்தைத் தாங்கும், இத்தனை பங்கு தாங்காது என்று பிறகு சொல்வேன். உங்கள் கையில் இருக்கிற அந்த ஒரு துண்டு எப்போது உடையும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இதை அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அதத்தான்லா நானும் சொல்றேன்" என்பார்.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு நான் ஒரு வாரம் முன்னாலேயே அப்பா இருக்கிற தேயிலை எஸ்டேட்டுக்குப் போய்விட்டேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா சொன்னார், "கோயில் கமிட்டில ஒன் பேரக் குடுத்துட்டேன்ம்மா." எதற்கு என்றால், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துச் சொல்வதற்காம்.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. முன்பு ஒரு மழையில் மேட்டு மண் சரிந்து, கோயில் சமையல் கொட்டகைக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எஸ்டேட் லைன் வீட்டு ஜனங்களே கோத்தோங் ரோயோங் போட்டு, கூலியில்லாமல் கூடி உழைத்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டு கட்டிய சுவர் அது. ஒரு வீட்டுக்காரர் ஆற்றுக் கல் கொண்டுவந்தார். இன்னொரு வீட்டில் உடைந்த செங்கல். வேறொரு வீட்டில் குளியலறைத் தரையைப் பெயர்த்த டைல்ஸ். ஆளுக்கு ஒரு தகரத்தைப் போட்டு அவரவர் சிமெண்டை அவரவரே குழைத்தார்கள். ஒருவர் தண்ணீரைக் கூட விட்டார், ஒருவர் மணலை அள்ளிப் போட்டார். கட்டி முடித்து வருஷங்கள் ஆகியும் யாரும் தன் பங்கை மறக்கவில்லை. விருந்தாளி வந்தால் "இது நம்ம கட்டுனது" என்று தடவிக் காட்டுவார்கள். என் துறைக்காரர்கள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவ்வளவு தாறுமாறான பொருளை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே முயன்றாலும் செய்ய முடியாது.

இப்போது அதன் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். சுவருக்கு நேர் கீழே சமையல் கொட்டகை. ரிட்டையர் ஆன பிறகு திருவிழாச் சமையலுக்கு அப்பாதான் தலைமை. அன்னதானத்தன்று காலையிலிருந்து அந்தச் சுவருக்கு அடியில்தான் நிற்பார்.

"நான் மண் சரிவு பார்க்கிற ஆளில்ல மாமா. எஸ்டேட் ஆபீஸ்ல சொல்லி இன்ஜினியரக் கூப்பிடுங்க" என்றேன் கோயில் தலைவரிடம். அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை செய்தவர், சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர். "கேட்டாச்சும்மா. திருவிழா முடிஞ்சி ஆள் அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க. நீ பாத்து ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றார். பக்கத்தில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரிங்லெட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் துளை போடுகிற மெஷினை இரவல் வாங்கி வந்தேன். சுவரில் அங்கங்கே குத்தி, உள்ளே இருப்பதை உருளை உருளையாக வெளியே எடுத்துப் பார்ப்பது என் திட்டம். முதல் துளை போட்டதும் ஊர் கூடிவிட்டது. இரண்டாவது துளையைப் போட்டு மெஷினை இறக்கியபோது, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, இவ்ளோ நீட்டு செவுத்துல எங்க பங்குதான் ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?"

"அத்தை, இது சும்மா ஒரு சாம்பிள்."

"அப்ப ஒங்கப்பன் பங்குல போடு. அங்கயும் சாம்பிள் இருக்கும்ல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போடுகிறேன், பாருங்கள் என்று விறைப்பாக அப்பாவின் பங்குக்குப் போனேன். மற்ற இரண்டு இடத்திலும் மெஷின் முனகி முனகித்தான் உள்ளே போனது. இங்கே சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்தால் உருளையே இல்லை. தேநீரில் நனைத்த ரொட்டி மாதிரி என் கையில் உதிர்ந்தது. யாரோ "அய்யோடா" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அன்னிக்கு நல்ல மழ. சிமெண்டு பேக்கு நனைஞ்சி போச்சு" என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லாமல். உதிர்ந்ததை மூடிய கையோடு நான் நின்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அப்பாவை அவிழ்த்துக் காட்டியது போல் இருந்தது எனக்கு.

அன்று சாயந்திரம் கோயில் ஹாலில் கமிட்டி கூடியது. நான் எழுந்து நின்று, ஏதோ கருத்தரங்கில் பேசுவது போல் பேசினேன். இந்த மாதிரி நூறு சுவர் கட்டினால், இந்த மழைக்குப் பெரும்பாலானவை நிற்கும், சில விழலாம் என்றேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. நம்மகிட்ட நூறு செவுரு இல்லயே, ஒண்ணுதான இருக்கு. இது நிக்கிற செவுரா, விழுற செவுரா?"

"அத யாராலயும் சொல்ல முடியாது மாமா."

"அதச் சொல்றதுக்கு எதுக்கும்மா மூணு ஓட்ட?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு. இதில் கொடுமை என்னவென்றால், கேட்டவர் கேட்டது சரி. கைக்கு அகப்பட்ட துண்டை வைத்து முழுப் பொருளுக்கும் தீர்ப்புச் சொல்லாதே, முழுசின் குணம் வருகிற அளவுக்காவது சாம்பிள் வேண்டும் என்று என் மாணவர்களை வறுத்தெடுக்கிறவள் நான். வீட்டுக்கு வீடு கலவை மாறும் சுவரில் மூன்று துளை போட்டால் மூன்று வீட்டைப் பற்றித்தான் தெரியும். அதுவும் அரைகுறையாக. இது தெரிந்தும், ஏதாவது செய்து காட்ட வேண்டுமே என்று செய்தேன். காது மடல் சுட்டது.

"சாமி காரியம், ரிஸ்க் வேணாம்லா" என்று தலைவர் முடித்து வைத்தார். சமையலைக் கீழே பேட்மிண்டன் கோர்ட்டுக்கு மாற்றுவதாகத் தீர்மானம். அப்போதுதான் அப்பா எழுந்தார்.

"எல்லாம் கோர்ட்டுக்குப் போங்க. சாம்பார் மட்டும் நான் இங்கதான் வைப்பேன். எம்பங்குக்குக் கீழ. விழுந்தா எம்மேலயே விழுவட்டும்."

வீட்டுக்குப் போனதும் கத்தினேன். "கிறுக்காப்பா ஒங்களுக்கு? யாருகிட்ட இந்த வீம்பு?" திருவிழாவுக்கு இடையில் இருந்த இரண்டு நாளும் கெஞ்சினேன், சண்டை போட்டேன், அண்டாவை ஒளித்து வைத்தேன். திருவிழாவன்று காலையில் பார்த்தால் கொட்டகையில் புகை வந்துகொண்டிருந்தது. வேறு யாரிடமோ அண்டா வாங்கிவிட்டார்.

அன்று கொட்டிய மழை மாதிரி நான் பார்த்ததில்லை. எதிர் மலைத் தேயிலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மேட்டிலிருந்து செந்தண்ணீர் சுவரின் தலைக்கு மேல் வழிந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அவர் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் குடையோடு சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆமாம், இந்தப் பக்கம்தான். தாண்டினால் அந்தப் பக்கம் சுவர். நான் தாண்டவில்லை. "வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, திரும்பவில்லை.

விரிசலின் இரண்டு பக்கமும் முதல் நாளே பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தேன். அது விரிந்தால் தெரியும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தேன். மழை கொஞ்சம் தணிந்த நேரத்தில் சாக்கடையைத் தாண்டிப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். கோடு போட்டது போட்டபடி இருந்தது. மயிரிழை கூட விரியவில்லை.

"சே" என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. நாலடி தூரத்தில் அப்பா புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார். அவர் காப்பாற்றப்பட்டதற்கு நான் சொன்ன வார்த்தை அது. நல்லவேளை, அடுப்புச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

கீழே பேட்மிண்டன் கோர்ட்டில் காற்று கூடாரத்தைப் பிய்த்துவிட்டதாம். விறகு நனைந்து அடுப்பு பற்றவில்லை. சோறு அரைவேக்காடு. கம்போங் ராஜாவிலிருந்து வந்த சனமெல்லாம் மத்தியானம் தாண்டியும் ஈரத்தில் காத்திருந்தது. பந்தியில் நான் பரிமாறிக்கொண்டு போனபோது, "புரபசர் புண்ணியத்துல இன்னிக்கு விரதம்" என்றார் ஒருவர். சாம்பார் மட்டும்தான் வாயில் வைக்கும்படி இருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சில பேர் வேண்டுமென்றே அந்தச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டு பேசினார்கள். "டேய், பாத்துடா, சாஞ்சிடப் போவுது!" என்று ஒரே கும்மாளம். என் மானம் கப்பலேறியது.

அது நின்றதால் நான் சொன்னது பொய்யாகிவிடாது. விழுந்திருந்தாலும் மெய்யாகியிருக்காது. ஒரே ஒரு சுவரை வைத்து அப்படியெல்லாம் கணக்குப் பார்க்க முடியாது. பிறகு ஆபீசிலிருந்து ஆள் வந்து அதை இடித்துவிட்டு, தண்ணீர் போக வழி வைத்து வேறு சுவர் கட்டினார்கள். ஆகவே அது எதுவரைக்கும் நின்றிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பந்தியில் யாரிடம் போய் இதையெல்லாம் சொல்வது?

எல்லாரும் போன பிறகு அப்பாவும் நானும் குழாயடியில் பாத்திரம் கழுவினோம். ஊரே சிரித்த அன்று அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஜெயித்தவர் அவர்தான், அவர் பங்கு நின்றுவிட்டது. இருந்தும் காலையிலிருந்து ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. குத்திக் காட்டினால் தேவலை என்று எனக்கு இருந்தது. அண்டாவைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு ஓரமாச்சும் சரிஞ்சிருக்கலாம்மா. ஒன் பேச்சு நின்னுருக்கும்."

"நீங்க கீழ நின்னீங்கப்பா."

"அதனால என்னா?" என்றார். "காலைல சாமிகிட்ட அதான் வேண்டிக்கிட்டேன். செவுரு கேக்கல."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் அதையேதான் விரும்பினேன் என்று அவருக்குத் தெரியாது. இன்றுவரை நான் சொல்லவில்லை.