மெயின் பெட்டியில் மூன்று எழுத்து

ஆண்டுக் கடைசி மழை தொடங்கிய வாரத்தில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தோல் வியாதி. வேர்த்தால் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து, வெடித்து, நீர் கசியும். அறை குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மகன் இருப்பது பண்டார் தெங்காரா என்ற ஊரில். ஐந்தாவது மாடி, இரண்டு அறை, ஐந்து பேர், ஏர்கோன் கிடையாது. உலு திராமில் எங்கள் வீட்டின் பின்னறை சும்மா கிடந்தது. அதில் ஒரு பழைய ஏர்கோனும் இருந்தது. அதனால் எங்களிடம் வந்தார்.

முதல் இரண்டு மாதம் பில் கொஞ்சம்தான் ஏறியது. மூன்றாவது மாதம் மின்சார பில்லைப் பார்த்தபோது தவறான வீட்டுக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அக்கா வருவதற்கு முன்பு, நாள் ஒன்றுக்குப் பதினான்கு யூனிட் ஓடிய வீடு இது. இப்போது முப்பத்தெட்டு.

நான் தொழிற்சாலை ஸ்டோரில் கணக்கு எழுதுபவன். எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. வீட்டிலும் தினமும் டைரி எழுதுவேன். மீட்டருக்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டேன். காலை ஆறு பத்துக்கு ஒரு முறை, மாலை ஆறரைக்கு ஒரு முறை கேட் பக்கம் போய் மீட்டர் எண்ணை எழுதி வருவேன். ஐஸ்பெட்டியின் கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தேன். தாள் இறுகித்தான் நின்றது. தண்ணீர்ப் பம்பு குழாய் மூடியதும் நின்றுவிடுகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். நின்றது. சாமி மேடையின் சின்ன விளக்கைக்கூட இரண்டு நாள் பிடுங்கி வைத்தேன். மனைவி மூன்றாம் நாள் திரும்பச் செருகினாள்.

வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் மீட்டர் முன் குனிந்து நிற்பது ஒரு மாதம் நடந்தது. இடுப்பு வலித்தது. எண் மட்டும் இறங்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஒரு நாள் துணி மடிக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"உங்க அக்காகிட்ட நான் கேக்க மாட்டேன். கேட்டா நாத்தனார் சண்டைன்னு பேராயிடும்."

"நானே கேக்குறேன்."

"கேக்குறப்ப அந்த நோட்டக் கையில வச்சுக்கிட்டுப் போகாதீங்க. போலீஸ் வந்த மாதிரி இருக்கும்."

நோட்டை வைத்துவிட்டுத்தான் போனேன்.

"அக்கா, பகல்லயும் ஏர்கோன் போடுறீங்களா?"

தைலம் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இல்ல தம்பி, ராத்திரி மட்டும்தான். பகல்ல ஃபேன் போதும். ஏன், பில்லு ஏறிடுச்சா?"

"சும்மாதான் கேட்டேன்."

அன்றிரவிலிருந்து அவர் ஏர்கோனே போடவில்லை. கதவைத் திறந்து வைத்துப் படுத்தார். மூன்றாம் நாள் காலையில் அவர் கழுத்தில் புதிதாக ஒரு வெடிப்பு. போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் மீட்டர் அப்போதும் முப்பத்தைந்துக்குக் கீழே வரவில்லை. இரவில் நிறுத்திவிட்டுப் பகலில் போடுகிறார் என்று என் மனம் கணக்குப் போட்டது. ஓர் அறையின் ஏர்கோன் நாள் முழுவதும் ஓடினாலும் அவ்வளவு இழுக்குமா என்ற கணக்கை மட்டும் போடவில்லை. பழைய ஏர்கோன், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டு ஸ்டோர் அறைச் சுவரில் மின்சார மெயின் பெட்டி இருக்கிறது. வீடு வாங்கியபோது வந்த மலாய்க்கார ஒயர்மேன் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். லம்பு, சொக்கெட், டாப்போர், பிலேக் ஒன்று, பிலேக் இரண்டு. விளக்கு, பிளக், சமையல்கட்டு, அறைகள் என்று வரிசையாக மலாய். கடைசிச் சுவிட்சில் ஏ, ஐ, ஆர் என்று மூன்று எழுத்து. ஏர். ஏர்கோன்.

ஒரு புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு மீட்டரை எழுதிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அந்தக் கடைசிச் சுவிட்சை இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். பகலில் வீட்டில் அக்கா மட்டும்தான் இருப்பார். மாலையில் வந்து பார்த்தேன். வழக்கமாகப் பகலில் பதினேழு ஓடும். அன்று நாலு.

சுவிட்சை மேலே தள்ளிவிட்டு நோட்டில் எழுதினேன்: 'பகலில் போடுவதில்லை என்கிறார் அக்கா. மீட்டர் வேறு சொல்கிறது.'

எழுதி முடித்தபோது ஒரு மாதத்துப் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

மறுநாள் மாலை பின்னறைக் கட்டில் மேல் அக்காவின் நீலப் பை இருந்தது. ஜிப் மூடியிருந்தது. ஐஸ்பெட்டி மேல் நான் வைத்திருந்த நோட்டு அவர் மடியில்.

"சனிக்கிழமை மகன வரச் சொல்லிட்டேன்" என்றார். "கோவம்லாம் இல்ல. உங்க வீட்டு நெலம உங்களுக்கு."

"அக்கா, அது நான் சும்மா..."

"நீ எதையும் சும்மா எழுத மாட்ட. சின்னப் பிள்ளையில கோழி முட்டைக்கே தேதி போட்டவன்." நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "ஒண்ணு விட்டுப்போச்சு. நான் ஒரே ஒரு நாளு பகல்ல போட்டேன். நேத்து. அரிப்பு தாங்கல. பன்னெண்டுலேருந்து ஒரு மணி வரைக்கும். அதையும் எழுதிக்க."

"நேத்தா?"

"நேத்துதான். புதன்கிழமை. ஜில்லுன்னு ஓடுச்சு. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

நேற்று நான் ஏர்கோன் சுவிட்சை இறக்கிவிட்டுப் போயிருந்தேன். ஏர்கோன் ஓடியிருக்க முடியாது.

ரிமோட்டை எடுத்து ஏர்கோனைப் போட்டேன். ஸ்டோர் அறைக்குப் போய்க் கடைசிச் சுவிட்சை இறக்கினேன். பின்னறையில் குளிர்காற்று வந்துகொண்டே இருந்தது. 'பிலேக் இரண்டை' இறக்கினேன். ஏர்கோன் நின்றது. கேட் பக்கம் போய்ப் பார்த்தபோது, வழக்கமாகப் படபடவென்று அடிக்கும் மீட்டரின் சிவப்பு விளக்கு சோம்பலாக மின்னியது. இரண்டு சுவிட்சும் இறங்கியிருந்தன. பிலேக் இரண்டை மட்டும் ஏற்றிவிட்டு மறுபடி வந்தேன். அப்போதும் கொஞ்சம்தான் வேகம் கூடியது. கரண்ட்டை இழுப்பது ஏர்கோன் இல்லை, கடைசிச் சுவிட்சில் இருப்பது. அப்படியானால் அந்த மூன்று எழுத்து எதற்கு?

மறுநாள் கெலாங் பாத்தாவிலிருந்து ஒரு ஒயர்மேன் வந்தார், நம்மாள். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தவர் சிரித்துவிட்டார்.

"அலமாக்! அண்ணே, இது ஏர் இல்ல லா. ஆயேர்! தண்ணி! மேல இருந்து எல்லாத்தையும் மலாய்ல படிச்சீங்க, கடைசி ஒண்ண மட்டும் இங்கிலீஷ்ல படிச்சிட்டீங்களே."

கூரை மேல் சோலார் ஹீட்டர் இருக்கிறது. வெயில் இல்லாத நாளில் தண்ணீரைச் சுடவைக்க அதற்குள் ஒரு மின்சார பூஸ்டர். அந்தச் சுவிட்ச் அதற்கு. ஒயர்மேன் ஏணி வைத்து ஏறினார். சூடு ஏறியதும் தானாக நிற்கவேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலடித்தாலும் பூஸ்டர் ஓடி, கொதித்த தண்ணீர் ஓட்டின் ஓரமாகச் சொட்டிச் சொட்டி அந்த இடமே வெளுத்துப்போயிருந்தது.

"யாரு பூஸ்டரப் போட்டு வச்சது?" என்று மேலிருந்தே கேட்டார்.

பூஸ்டருக்குப் பின்கட்டில் தனி சுவிட்ச் உண்டு. போட்டால் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். காலி முறுக்கு டின்களை நகர்த்திப் பார்த்தேன். அவற்றின் பின்னால் அது எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போய் டைரியைப் புரட்டினேன். அக்கா வந்த இரண்டாம் நாள், என் கையெழுத்தில்: 'விடாத மழை. அக்கா குளிக்க பூஸ்டர் போட்டேன்.' நிறுத்தியதாக எங்கேயும் எழுதவில்லை.

அந்தப் பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"அப்போ தண்ணிதானா?"

"தண்ணிதான் அக்கா. நான்தான் போட்டேன்."

"எனக்காகத்தான் போட்டிருக்க." டைரியை மூடிக் கொடுத்தார். "ஆனா என்னய நம்பல. மீட்டர நம்புன."

மீட்டர் நோட்டை எடுத்து, அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, 'தவறு என்னுடையது' என்று எழுதித் தேதி போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழிச்சுப் போட மாட்டியா?"

"கிழிச்சா பக்க எண் கெட்டுடும்."

"நீ திருந்தவே மாட்ட" என்றார். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மகன் வந்தான். அக்கா அவனைச் சாப்பிட வைத்து, காரில் இரண்டு பலாச்சுளைப் பொட்டலத்தை வைத்துத் தனியாக அனுப்பிவிட்டார். ஆனால் பை ஜிப் மூடியபடி கட்டிலடியில் இருந்தது. அன்றிலிருந்து மாலை ஏழு மணியானால் அறைக்குள்ளிருந்து குரல் வரும்: "தம்பி, போடட்டுமா?"

"போடுங்க அக்கா, கேக்க வேணாம்."

மறுநாளும் கேட்பார். கேட்க வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மனைவியும் சொன்னாள். மீட்டர் இருபதுக்கு இறங்கி வந்து நின்றுவிட்டது. பெட்டியில் நான் தமிழில் 'தண்ணீர்' என்று எழுதி ஒட்டியாயிற்று. கேள்வி மட்டும் நிற்கவில்லை. வேலை முடிந்து வந்த அலுப்பில் அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்வது மூட்டை தூக்குவது போல இருக்கும். சொல்லிவிடுவேன்.

நேற்று ஏழு மணிக்குக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. ஏழு ஐந்துக்குப் பின்னறையில் ஏர்கோனின் 'பீப்' கேட்டது. கேட்காமலே போட்டிருக்கிறார். போய்ப் பார்க்க நான் நாற்காலியிலிருந்து எழப் போனேன். எதிரே பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்த மனைவி, தலை நிமிராமலே கையை மட்டும் தூக்கி, உட்காரச் சொன்னாள்.