அக்கா இழுத்து வளர்த்த தசை

என் கல்யாணத்தன்று, நான் சாப்பிட உட்காருவதற்குள் எழுந்து போனவள் என் அக்கா. கேட்டால், "செல்லுக்குத் தீனி மாத்தணும்டா" என்றாள். கூடப் பிறந்தவனைவிடக் கண்ணுக்குத் தெரியாதது பெரிதா? வருஷக்கணக்காக அது என் தொண்டையில் முள்.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. பாட்டில் கழுவத்தான் போனாள். கை சுத்தத்தைப் பார்த்து, மூச்சுக்குழாய்த் தசையின் செல்களை வளர்க்கும் பொறுப்பையே கொடுத்துவிட்டார்கள். மெல்லிய ரப்பர் தகட்டில் அவை ஒட்டி வளரும். பம்பு அடியிலிருந்து காற்றை உறிஞ்சும், விடும். மூச்சு வாங்குவதுபோல் தகடு விரியும், சுருங்கும்.

"சும்மா கிடந்தா இறுகிக்கும். இழுத்து இழுத்து விட்டா பிடி தளரும். உன் மாமா மாதிரிதான்" என்று தன் புருஷனையும் சேர்த்து இழுப்பாள்.

அதைப் பெரிய மனிதர்கள் முன் அவளே செய்து காட்ட ஒரு நாள் வாய்த்தது. மதியம் வருகிறார்கள், காலையில் பம்பு நின்றுவிட்டது. எனக்குப் போன்.

"ஊர்ப் பம்பெல்லாம் ரிப்பேர் பண்றியே, ஓடி வாடா!"

டியூபில் விரிசல். மாற்றினேன். மாற்றிய கையோடு, கிணற்று மோட்டாரைச் சோதிப்பதுபோல் குமிழை முழுக்கத் திருகிவிட்டேன். உள்ளே, குமிழைத் தானாகத் திருப்பும் பல்சக்கரம் உடைந்தது. பம்பில் மாட்டியிருந்த தகடு குழிந்து, செல்லெல்லாம் உரிந்து மிதந்தன.

"அடப்பாவி! மூச்சுடா அது, கிணறு இல்ல!" கையில் ஒரு போடு.

இழுத்து வளர்த்ததில் மிச்சம் ஒரே தகடு. அதுவும் போனால் காட்ட ஒன்றுமில்லை. இனி அதற்குக் காற்றை உறிஞ்சி விட, குமிழைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

"தூங்குற குழந்தை நெஞ்சு மாதிரி ஏறி இறங்கணும். பேசாம திருப்பு."

மதியம்வரை திருப்பினேன். வாயே திறக்கவில்லை. என் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

ஆட்கள் வந்தார்கள். சும்மா விட்டு வளர்த்த தகட்டிலும் என் தகட்டிலும் தசையை இறுக்கும் மருந்தைச் சொட்டினாள். திரையில், சும்மா கிடந்தவை உடும்புப்பிடியாகச் சுருங்கி ரப்பரையே மடித்தன. என்னுடையவை லேசாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டன. அக்கா முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இவ்வளவு நேரம் மூச்சு விட்டது என் தம்பிதாங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"புது பம்பு வர்றவரைக்கும் தினமும் வந்து திருப்பிட்டுப் போடா. வர்றப்ப அந்த கிரீஸ் கையைக் கழுவிட்டு வா."