பானெட்டுக்குள் ஒரு வெளிர் பச்சை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் பினிஷிங் பிரிவில் பதினாறு வருஷமாக ஷேடு பார்ப்பவள் பொன்மலர். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கையளவு மாதிரித் துண்டு வரும். அதே நிறம் ஆயிரம் தோலிலும் பிசகாமல் ஏற வேண்டும். அவள் சரி என்று கையெழுத்துப் போடாமல் சரக்கு லாரி ஏறாது. கெமிஸ்ட்ரி படித்தவள்தான், ஆனாலும் கடைசி வார்த்தை அவள் கண்ணுடையது.

அவள் தம்பி நத்தானியேல் காட்பாடியில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஷெட் வைத்திருக்கிறான். போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவள் வெளியே வந்ததும் போன் செய்தான்.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். கலர் விஷயத்துல இங்க ஒரே பேஜாரு."

ஷெட்டில் 1962ஆம் வருஷத்து பியட் ஒன்று எஞ்சினைக் கழற்றிய நிலையில் நின்றிருந்தது. வாங்கியவர் பில்கிஸ், பேரணாம்பட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் நடத்துபவர். ஜூனில் பெங்களூரில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புக்குத் தானே ஓட்டிப் போவதென்று இருந்தார். எஞ்சின் இருக்கும் அறைக்கு அவர் கேட்டது பளிச்சென்ற சிவப்பு. பெயிண்டர் கோவிந்தசாமியோ கறுப்பைத் தவிர வேறெதற்கும் இறங்கி வரவில்லை.

"கறுப்பு அடிச்சா எண்ணெய்க் கறை தெரியாதும்மா" என்றார் கோவிந்தசாமி.

"தெரியணும்ணா. எங்க கசியுதுன்னு அப்பதானே கண்டுபிடிக்க முடியும்?" என்றாள் பொன்மலர்.

எஞ்சின் அறையின் பின்சுவரில் காரின் தயாரிப்பு எண் பொறித்த தகடு ஒன்று இருந்தது. அதைக் கழற்றச் சொன்னாள். சுற்றிலும் நாலைந்து முறை பெயிண்ட் பூசியிருந்தாலும், தகட்டுக்கு அடியில் யார் கையும் படாத பழைய நிறம் அப்படியே இருந்தது. சாம்பல் பூசணியின் தோல் போல, பொடி பூத்த வெளிர் பச்சை.

"இன்னா கலர் இது! இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல" என்றார் பக்கத்தில் நின்ற பில்கிஸ்.

"இதான் மேடம் வண்டியோட சொந்தக் கலர். இதையே அடிப்போம். எஞ்சினுக்குச் சூடு தாங்குற சாம்பல் நிறம். ஃபேன், பிராக்கெட் எல்லாம் கறுப்பு" என்றாள் பொன்மலர்.

அன்று மாலையே கலந்து ஒரு தகரத்தில் அடித்துப் பார்த்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கச்சிதமாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு தகரத்தை வெளியே கொண்டுபோனால் மஞ்சள் தூக்கலாக அடித்தது. கோவிந்தசாமி தகரத்தை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"தப்பு என்னோடதுதான். ஃபேக்டரியில டியூப்லைட்ல எதையும் பாஸ் பண்ண மாட்டேன், இங்க அவசரப்பட்டுட்டேன். மஞ்சளைக் கம்மி பண்ணி மறுபடி கலக்குங்கண்ணா."

மூன்றாவது கலவையைத் தகட்டடி நிறத்தோடு ஒட்டிப் பிடித்தபோது இரண்டுக்கும் நடுவே கோடு தெரியவில்லை. கோவிந்தசாமியே இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு ஸ்பிரே துப்பாக்கியில் பெயிண்டை ஊற்றினார்.

பில்கிஸ் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. எஞ்சினின் தலையில் உட்காரும் டேப்பட் கவர் சிவப்பாகத்தான் வேண்டும் என்றார். பொன்மலருக்கு அது பிடிக்கவில்லை. அடித்து மாட்டிய பிறகு பார்த்தாள். வெளிர் பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பு நன்றாகவே உட்கார்ந்திருந்தது. "உங்க செலக்‌ஷன்தான் கரெக்ட் மேடம்" என்று மனதாரச் சொன்னாள்.

மே கடைசியில் பில்கிஸ் அமிர்தி வரை ஓட்டிப் பார்த்தார். அங்கே பானெட்டைத் திறந்தவர் உடனே போன் செய்தார். பக்கச் சுவரின் பச்சையில் நூல் கனத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. பெட்ரோல் வாசனையும் வந்தது. நத்தானியேல் பைக்கில் விரைந்து போனான். பெட்ரோல் குழாய் ஒரு வளைவில் விரிசல் விட்டிருந்தது. ஒரு சாண் தள்ளிச் சூடான புகைக்குழாய். கறுப்புப் பெயிண்டில் தெரியாமலே கசிந்திருந்தால் பெங்களூர் போகும் வழியில் வண்டி தீப்பிடித்திருக்கும் என்றான் அவன்.

குழாயை மாற்றினார்கள். வண்டியின் வெளிப்புறத்துக்கும் அதே பச்சையை அடிக்கச் சொல்லிவிட்டார் பில்கிஸ். அணிவகுப்பில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் திறந்த பானெட்டைச் சுற்றிக் கூட்டம் நின்றதாம். யார் தேர்ந்தெடுத்த நிறம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பொன்மலரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது ஞாயிறு மதியங்களில் அவள் காட்பாடியில்தான் இருக்கிறாள். போன வாரம் வாணியம்பாடியிலிருந்து ஒரு பழைய ஜீப் வந்தது. சொந்தக்காரர் அவசரப்படுத்தியும் கோவிந்தசாமி பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை.

"இருங்க சார். அந்தம்மா வரட்டும்."