கிள்ளான் ஆற்றோரம் வெறுங்காலில் ஒரு சனிக்கிழமை

ஐயப்பனுக்கு மாலை போட்ட இருபத்தாறாவது நாள் கிள்ளானுக்குப் போனேன். தனியாகத்தான். பக்தி பாதி, பரீட்சை பாதி.

நாற்பத்து நான்கு வயதில் இப்போதுதான் முதல்முறையாகச் சபரிமலைக்குப் போகிறேன். எங்கள் குழுவில் சிலர் பம்பையிலிருந்து ஏறும் சின்னப் பாதையில் போகிறார்கள். மற்றவர்கள் எருமேலியிலிருந்து காட்டு வழியாக நடக்கும் பெரிய பாதையில். நான் பெரிய பாதைக்குப் பெயர் கொடுத்தேன். குழுவைக் கூட்டிப்போகும் குருசாமி என் பாதங்களைக் குனிந்து பார்த்தார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பெருமூச்சு விட்டார். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுத் திரிகிறவன் நான். நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் அது ஊரறிந்த விஷயம். வேலைக்குப் போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்ற சலுகையை எங்கள் குழுவிலேயே அதிகம் அனுபவித்தவனும் நான்தான்.

“சாமி, சனிக்கெழம காலைல எட்டு மணிக்குச் செருப்ப கழட்டிருங்க. சாயங்காலம் அஞ்சு வரைக்கும் வெளிய எங்கயாச்சும் நடங்க. முடிச்சிட்டு போன் போடுங்க, லிஸ்ட்ட ஃபைனல் பண்ணிர்றேன்,” என்றார்.

எப்படியும் நடக்கப் போகிறோம், ஊரையாவது பார்ப்போமே என்றுதான் கிள்ளானைப் பிடித்தேன். டிசம்பர் மாதம், பள்ளி விடுமுறை. நம் ஊருக்குக் குளிர்காலம் என்றால் மழைக்காலம்தான். விடிய விடியப் பெய்து தரை சில்லென்று கிடந்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

கே.எல். சென்ட்ரலில் 8.20 ரயில். டிக்கெட் நாலு வெள்ளி எழுபது காசு. ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் கிள்ளான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. அன்று நீர் வடிந்திருந்த நேரம். சேற்றில் ஒரு பெரிய உடும்பு, சொந்த வீட்டு வாசலில் நடப்பதுபோல் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அதுவும் வெறுங்கால்தான். ஆற்றின் நிறம் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். அழகான ஆறு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கரையில் நிற்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அங்கே ஒரு பழைய இரண்டடுக்குப் பாலம் உண்டு. கீழ்த்தளம் நடப்பவர்களுக்கு. சிமெண்டுத் தரை குளுகுளுவென்று இருந்தது. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. நடுவில் நின்று படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ‘முகம் வேண்டாம், கால காட்டுங்க’ என்று பதில் வந்தது.

பதினொன்றரைக்கு வெயில் வந்தது. தெங்கு கிளானா சாலையில் தார் சுட ஆரம்பித்ததும் நான் ஒரு கடை நிழலிலிருந்து அடுத்த கடை நிழலுக்குத் தாவித் தாவிப் போனேன். பூக்கடை அக்கா ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார்.

“சாமி, இதுல நில்லுங்க லா. பாக்குற எனக்கே கால் எரியுது!”

நின்றேன். சொர்க்கம். பக்கத்துச் சைவக் கடையில் வாழையிலைச் சாப்பாடு பன்னிரண்டு வெள்ளி. ரசம் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.

ஒன்றரைக்கு அருங்காட்சியகம். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, கட்டணம் இல்லை. வாசலில் செருப்புப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை. காவலாளியான மலாய்க்காரப் பெரியவர் பலகையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

“செலிப்பார் தக் அடா. ஓகே, மாசுக்,” என்று தீர்ப்புச் சொன்னார். செருப்பு இல்லை, ஆகவே உள்ளே போகலாம். சட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உள்ளே பழைய படகுகளின் சிறு மாதிரிகள், வாள்கள், ஆற்றில் கப்பல்கள் நின்ற காலத்துப் புகைப்படங்கள். இரண்டு பத்துக்குக் கழிப்பறைக்குப் போய்விட்டு மாடிக்கு ஏறினேன். அங்கேதான் அற்புதம் நடந்தது. கால் வலிக்கவே இல்லை! காலையிலிருந்து குத்திய தரை இப்போது மெத்தென்று இருந்தது. பாதம் பழகிவிட்டது, ஐயப்பன் கண் திறந்துவிட்டான் என்று கைகூப்பினேன். நாற்பது நிமிடம் ராஜநடை நடந்தேன்.

பின்னாலிருந்து அந்தப் பெரியவர் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டபடி ஓடிவந்தார்.

“அபாங்! அபாங்! இத்து செலிப்பார் டாய்லெட் லா!”

குனிந்து பார்த்தேன். பச்சை ரப்பர் செருப்பு. நம் ஊரில் எந்தக் கழிப்பறை வாசலிலும் ஒரு ஜோடி கிடக்கும், கால் தானாக அதில் நுழையும். நுழைந்தது சரி, வெளியே வரும்போது கழற்ற வேண்டுமே! புகைப்படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது கணக்குப் பார்த்தேன். நாற்பது நிமிடம் செருப்போடு நடந்தாயிற்று. பரீட்சை போயிற்றா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாலையைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியுமே.

ஐந்து மணியோடு நிறுத்துவதில்லை, அந்த நாற்பது நிமிடத்தையும் சேர்த்து நடப்பது என்று முடிவு செய்தேன். நாலு மணிக்கு மழை கொட்டியது. பாலத்தில் மறுபடி போய் வந்தேன். கரையோரச் சரளைக்கல் பாதையில் ஒவ்வொரு கல்லும் என்னைத் தனித்தனியாக விசாரித்தது. இடது குதிகாலில் ஒரு கொப்புளம். வாய்விட்டு ‘சாமியே சரணம்’ சொல்லிக்கொண்டே நடந்தேன். நனைந்து, நொண்டி, காரணமே தெரியாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பாலத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அருங்காட்சியகம் திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். குடை கட்டாயம். எனக்கு மொத்தச் செலவு இருபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு, இரண்டு ரயில், ஒரு சாப்பாடு, பால் இல்லாத ஒரு தே ஓ. விரதம் இல்லாதவர்கள் நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள், வீம்பு வேண்டாம்.

5.40க்கு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து குருசாமிக்கு போன் செய்தேன். பச்சைச் செருப்பு உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

“சரி சாமி. இப்ப கால் எப்படி இருக்கு?”

“கொப்புளம் சாமி. எரியுது.”

“நாளைக்கும் நடக்கணும்னா?”

யோசிக்கவே இல்லை. “நடப்பேன் சாமி.”

“அப்ப பெரிய பாதைல உங்க பேர எழுதிட்டேன்.”

பிளாட்பாரத்திலேயே ஒரு குதி குதித்தேன். உயிர் போகிற வலி. இன்னொன்றும் குதித்தேன்.