எழுவைதீவில் கொடுத்த வாக்கு

காலை 6.15. யாழ்ப்பாணத்தில் நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலிலிருந்து வான் புறப்பட்டது. 2003ஆம் ஆண்டு, சமாதான காலம். பனி இறங்கும் மாசி மாதக் காலை. இதை எழுதும் இன்று, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடி இரண்டு வருடமாகிறது. அப்படி ஒரு காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பண்ணைக் கடலைப் பார்த்துக்கொண்டு போனேன் என்பதை இப்போது எனக்கே நம்ப முடியவில்லை.

கதிரியக்கப் பொருட்களை ஒரு நாடு எப்படிப் பூட்டி வைத்திருக்கிறது, யார் எண்ணிப் பார்க்கிறார்கள், காணாமல் போனால் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்த்து ஆலோசனை சொல்லும் சர்வதேசக் குழு ஒன்று அரசின் அழைப்பில் வந்திருந்தது. நான் அவர்களின் மொழிபெயர்ப்பாளன். இரண்டு பேர் சட்டப் புத்தகங்களோடு கொழும்பிலேயே இருந்துவிட்டார்கள். வடக்கே வந்தவர் மார்த்தா. அறுபது வயதுப் பொறியியலாளர், குளிர்நாட்டுக்காரர். எந்தப் பூட்டைக் கண்டாலும் ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். விடுதிக் குசினிப் பூட்டைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

முதல் நாள், போரில் சிதைந்த ஒரு தொழிற்சாலையின் பழைய பதிவேட்டைப் பார்த்தோம். உள்ளே கதிரியக்கப் பொருள் வைத்த அளவுகருவிகள் நான்கு என்று எழுதியிருந்தது. இருந்தவை மூன்று. நாலாவதைப் பழைய இரும்பாக நினைத்து யாரோ விற்றுவிட்டார்கள். அதன் இரும்புக் கூட்டுக்குள் எல்லாம் ஈயம். "எழுவைதீவு அல்பிரட் வலைக்குக் குண்டு வார்க்க எண்டு வாங்கிக்கொண்டு போனவர்" என்றார் நகரத்து இரும்புக் கடைக்காரர். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஈயம் கிடைக்காமல் கல்லைக் கட்டி வலை விட்டவர்களுக்கு அது புதையல். உருக்கினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். மார்த்தா அன்றிரவு சாப்பிடவில்லை.

7.20. இருபது கிலோமீற்றர் சொச்சம் ஓடி ஊர்காவற்றுறைக்கு வந்து சேர்ந்தோம். வழியில் வங்களாவடிச் சந்தியில் இடப்பக்கம் புங்குடுதீவுக்குப் பிரியும் பாதையைச் சாரதி சிவா அண்ணை காட்டினார். "உங்கட ஊர் மடத்துவெளிக்கு ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவமோ?" என்றார். வேண்டாம் என்றேன். அங்கே எங்களுக்குத் திறக்க ஒரு கதவும் இல்லை.

துறைமுகத்தில் கடற்படையினர் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். வள்ளத்துக்கு ஆளுக்கு முப்பது ரூபா. கடல் தகடாகக் கிடந்தது. மார்த்தா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த பெண் கொடுத்த பனங்கிழங்கை நார் உரிக்காமலே கடித்து, வள்ளத்தில் இருந்த எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

8.40. எழுவைதீவு. அல்பிரட்டின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஈயப் பெட்டியோ? அப்பிடி ஒண்டும் இங்க இல்லை, தம்பி."

மார்த்தாவின் கையிலிருந்த கதிர்வீச்சு அளவுமானி வேறு கதை சொன்னது. கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பியதும் அதன் டிக் டிக் சற்று விரைந்தது. அல்பிரட்டின் மனைவி மேரி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லுங்கோவன். சனிக்கிழமை அடுப்பில வைக்கப்போறன் எண்டு நிண்டனீங்கள். பிள்ளையள் இருக்கிற வீடு."

அன்று வியாழன்.

அல்பிரட் கதிரை ஒன்றை இழுத்து மார்த்தாவை இருக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "குடுத்தா என்ர மீன்பிடிப் பாஸ் போகுமோ? அதைக் கேட்டுச் சொல்லும்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இத்தனை வருடமும் வாகனத்தில் வந்து இறங்கியவர்கள் எல்லோரும் எதையாவது எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். கடலில் இறங்கக் கடற்படை கொடுக்கும் அனுமதி அது. பாஸ் போனால் கடல் போச்சு. கடல் போனால் அந்த வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை.

நான் கேட்டேன். மார்த்தா நேர்மையான மனுசி. யோசித்து, இரண்டே வரியில் பதில் சொன்னார். தங்கள் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உறுதி கொடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை.

அதை அப்படியே தமிழில் சொல்லுவதுதான் என் வேலை. எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை அடுப்புத்தான் கண்ணுக்குள் நின்றது.

"பாஸ் போகாது, அண்ணை. நீங்களா எடுத்துத் தந்தனீங்கள் எண்டு எழுத்தில போகும். அதிகாரியிட்ட நேர கதைப்பம். உங்களை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்க ஏலாது. நான் பொறுப்பு."

அல்பிரட் என்னையும் மார்த்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினார். இரும்புக் கூட்டுக்குள் ஈயம், பக்கத்தில் முறிந்த, இரும்பறுக்கும் வாள் தகடு இரண்டு. நல்லகாலம், இரும்பு அசையவில்லை. உள்மூடியும் பூட்டியபடியே இருந்தது. மார்த்தா அளந்து பார்த்துவிட்டு, இதுவரை யாருக்கும் ஆபத்தில்லை என்றார். மேரி அக்கா நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

11.00. கொழும்பிலிருந்து உரியவர்கள் வரும்வரை பெட்டியை வைக்கக் கத்தோலிக்கக் கோயில் சுவாமி ஆளில்லாத ஒரு களஞ்சிய அறையைத் தந்தார். அதற்குப் பூட்டு இல்லை. மேரி அக்கா தன் அலுமாரியில் கிடந்த பூட்டைக் கொண்டுவந்தார். மார்த்தா அதை மூன்றுதரம் இழுத்துப் பார்த்தார்.

மதியம் கணவாய்க் கறியோடு சோறு. பின்னேர வள்ளத்தைத் தவறவிட்டுவிட்டோம். அல்பிரட்டே தன் வள்ளத்தில் கொண்டுவந்து விட்டார். வழியில் நான் மார்த்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. நான் செய்தது பெரிய பிழை என்றார்.

4.30. இறங்கியதும் மார்த்தா பையிலிருந்து தாள் எடுத்து, மடியில் வைத்து, அல்பிரட்டுக்கு நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கையெழுத்து வைத்தார். துறைமுகத்தில் நின்ற இளம் கடற்படை அதிகாரி அதை வாங்கி இரண்டுதரம் வாசித்தார். அல்பிரட்டின் பாஸை வாங்கிப் பார்த்தார். அதிகாரி பாஸைத் திருப்பி அல்பிரட்டின் கையிலேயே கொடுத்துவிட்டு, மார்த்தாவுக்குத் தேநீர் சொன்னார்.

வள்ளத்தைத் தள்ளமுன் அல்பிரட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அந்த அம்மா உண்மையா அப்பிடிச் சொன்னவவோ?"

"இல்லை அண்ணை. அது நான் சொன்னது."

"தெரியும். அவ ரெண்டு சொல்லுச் சொன்னா, நீர் ஒரு பூசை நேரம் கதைச்சீர். அவ சொன்னதெண்டா நான் தந்திருக்க மாட்டன். நீர் சொன்னபடியாத்தான் தந்தனான்."

இரண்டு நாளில் பெட்டி பத்திரமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தது. குழுவின் அறிக்கையில் பூட்டுகள் பற்றியும் பதிவேடுகள் பற்றியும் நல்ல ஆலோசனைகள் இருந்தன. மார்த்தா விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, இனி அப்படிச் செய்யாதே என்று சொல்லிச் சிரித்தார். இப்போதும் அந்தப் பனங்கிழங்கும் துவாயும் நினைவுக்கு வந்தால் மனம் அந்தப் பக்கமே ஓடுகிறது.

திரும்பவும் சண்டை வந்தது. தீவுக் கடலில் தொழிலுக்குத் தடை என்று பத்திரிகையில் வாசித்தேன். அல்பிரட்டின் பாஸ் என்னவாயிற்றோ, எனக்குத் தெரியாது. பாஸ் போகாது என்று நான் சொன்னபோது, எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை.