கட்டைவிரலால் சுட்டேன்

இன்று ஆபீஸ் டீமோடு ஊருக்கு வெளியே அத்திபெலே பக்கம், பெயிண்ட் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் ஆடப் போயிருந்தேன்.

ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு என் வலது கை விரல்கள் மடங்குவதில்லை. டிரிகரை இழுக்க முடியாது. அதனால் செகண்ட் ஹேண்டாக ஒரு பெயிண்ட்பால் துப்பாக்கி வாங்கி, ஈஜிபுரா வீட்டில் மூன்று வாரம் உட்கார்ந்து அதற்கு ஒரு காற்று டிரிகர் செய்தேன். இடது கட்டைவிரலால் பட்டனை அழுத்தினால் போதும். விரலளவு ஏர் சிலிண்டர் ஒன்று டிரிகரை இழுத்துவிடும்.

மைதானத்துக்காரர் பார்த்ததுமே மறுத்துவிட்டார். "ஆகல்ல, முடியாது மேடம். கையில செஞ்சதெல்லாம் உள்ள விடமாட்டோம். சேஃப்டி முக்கியம்."

எங்கள் டீம் லீடும் சேர்ந்துகொண்டார். "உனக்கு எதுக்கும்மா ரிஸ்க்? நீ போட்டோ எடு."

"போட்டோ எடுக்கவா சார் மூணு வாரம் உக்காந்து இதைச் செஞ்சேன்?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, மைதானத்துக்காரர் பக்கம் திரும்பினேன். "குண்டு போற வேகத்தை அளக்குற மெஷின் வச்சிருக்கீங்கல்ல? அளந்து பாருங்க. ஜாஸ்தி இருந்தா நானே வெளிய போறேன்."

பத்து குண்டு சுடவைத்தார். எதுவும் அளவைத் தாண்டவில்லை. பட்டனை விட்டதும் நிற்கிறதா, லாக் பிடிக்கிறதா என்றும் சோதித்தார்.

"சரி மேடம், ஆடுங்க. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்."

"தாராளமா நில்லுங்க."

முதல் ஆட்டத்திலேயே டீம் லீடின் நெஞ்சில் ஆரஞ்சு பெயிண்ட். இரண்டாவதில் நான்கு பேர் சேர்ந்து என்னை வெளுத்துவிட்டார்கள். ஒருவரும் பாவம் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

தொடை கன்றிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், எதிர் அணிக்கு ஆள் தேவை. இரக்க குணம் உள்ளவர்கள் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம்.